படத்தில் ஏறிய நிறம்: வாசகர் கேள்வி – பதில்

மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமராக்களில் (சாதாரணக் கேமராக்களைவிடப் பெரிய சென்சார் கொண்டவை) எடுக்கும் படங்களில் வேண்டாத நிறச்சாயல் படிவது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ‘ஒயிட் பேலன்ஸை எப்படி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை’ என்ற ஒரே முறையீட்டைத்தான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன. வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கான ஒயிட் பேலன்ஸ், படம் முழுவதற்கும் ஒரே அளவாக நிறத்தை நகர்த்துகிறது. ஆகவே படம் முழுவதும் ஒரே அளவாகப் படிந்த சாயலை மட்டுமே அதனால் நீக்க முடியும். இடத்துக்கு இடம் மாறும் சாயலுக்கு அது மருந்தாகாது. சாயல் ஒளியிலிருந்து வந்ததா, லென்ஸிலிருந்து வந்ததா, சென்சாரிலிருந்து வந்ததா, அல்லது படத்தைப் பார்க்கும் திரையிலிருந்தே வந்ததா என்பதைப் பிரித்தறிந்த பிறகுதான் கணினியில் கைவைக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பிரித்தறிதலில் இருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: பழைய கட்டடங்களைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறேன். திருமலை நாயக்கர் மகாலின் தூண் வரிசையை, உரிய அனுமதி பெற்று, வாடகைக்கு எடுத்த ஃபேஸ் ஒன் ஐ.க்யூ.3 100 டிஜிட்டல் பேக்கையும் (கேமராவின் பின்புறம் பொருத்தும், சென்சார் உள்ள பெட்டி) 35 மி.மீ. ஸ்னைடர் லென்ஸையும் டெக்னிக்கல் கேமராவில் (லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தக்கூடிய கேமரா) பொருத்தி எடுத்தேன். முன்தூண் மறைக்காமல் இருப்பதற்காகக் கேமராவைத் தள்ளி வைத்து, லென்ஸைப் பக்கவாட்டில் 10 மி.மீ. நகர்த்தினேன். படத்தின் ஒரு ஓரம் இளஞ்சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் வந்திருக்கிறது. நடுவில் வைத்த கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) கொண்டு ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் நடுப்பகுதி சரியாகிறது. ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. பேக் பழுதா?
— வாசகர், செல்லூர்

பதில்: பழுதில்லை. டெக்னிக்கல் கேமராவில் அகலக்கோண லென்ஸைப் பொருத்தி ஷிஃப்ட் செய்பவர்கள், அதாவது நகர்த்துபவர்கள், எல்லோரும் சந்திக்கும் லென்ஸ் சாயல் இது. உங்கள் பேக்கின் சென்சார் ஏறத்தாழ 53.7 × 40.4 மி.மீ. அளவுடையது. 35 மி.மீ. ஸ்னைடர் போன்ற லென்ஸ்களின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் நிற்பதால், ஓரங்களுக்குச் செல்லும் ஒளிக்கதிர்கள் மிகவும் சாய்ந்தே விழுகின்றன. லென்ஸை ஷிஃப்ட் செய்யும்போது ஒரு பக்கத்தில் அந்தச் சாய்வு இன்னும் கூடுகிறது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே ஒரு நுண்லென்ஸும், சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு நிற வடிகட்டியும் இருக்கின்றன. நேராக விழும் ஒளி தன் வடிகட்டி வழியாகத் தன் பிக்சலில் போய்ச் சேரும். சாய்ந்து விழும் ஒளியோ ஒரு வடிகட்டியைக் கடந்து பக்கத்துப் பிக்சலுக்குள் கசிந்துவிடுவதால், சிவப்புக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கு பச்சைக்கும், பச்சைக்குச் சேர வேண்டியதில் ஒரு பங்கு நீலத்துக்கும் கணக்கு மாறிப் போகிறது. சென்சாரின் நுண்ணமைப்பு இடமும் வலமும் ஒன்றுபோல இல்லாததால் ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரிகிறது. பல நிறங்கள் நெருங்கிக் கிடக்கும் கோபுரத்தை எடுத்திருந்தால் இது கண்ணுக்கே பட்டிருக்காது. மகாலின் வெளிர் நிறத் தூண்களும் வளைவுகளும் எதையும் மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிட்டன.

ஆனால் அந்த முற்றத்தில் வேறொரு சாயலும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. திறந்த முற்றத்தில் விழும் வெயில் சுவரில் பட்டுத் திரும்பும்போது மஞ்சளாக வரும்; மண்டபத்தின் நிழல் பகுதியிலோ வானத்தின் நீலம் படிந்திருக்கும். இது கட்டடத்தின் மேல் உண்மையாகவே விழுந்த ஒளி. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கேமராவை அதே இடத்தில் வைத்து, லென்ஸை எதிர்ப்பக்கமாக 10 மி.மீ. நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். முந்தைய படத்தில் பச்சையாகத் தெரிந்த அதே தூண் இந்தப் படத்தில் வேறிடத்தில் நிற்கும். பச்சை அந்தத் தூணோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் குற்றம் ஒளியினுடையது. தூண் தெளிந்துவிட்டு, பச்சை மட்டும் படத்தின் பழைய ஓரத்திலேயே தங்கியிருந்தால் குற்றம் லென்ஸும் சென்சாரும் சேர்ந்து செய்தது.

லென்ஸ் சாயலுக்கான தீர்வைப் படமெடுக்கும் இடத்திலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்று, லென்ஸின் முகத்தை முழுமையாக மூடும் அளவில், போதும். படத்தை எடுத்து முடித்தவுடன், ட்ரைபாடை அசைக்காமல், அப்பர்ச்சர், ஃபோகஸ், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் தொடாமல், தகட்டை லென்ஸின் முன் சமமாகப் படிய வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். தகடு ஒளியைக் குறைக்குமாதலால் ஷட்டர் வேகத்தை மட்டும் தேவையான அளவு குறைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் நடுப்பகுதிக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் ஒரு பாதியில் வெயிலும் மறுபாதியில் நிழலும் விழுந்தால், அந்த வேறுபாட்டையும் மென்பொருள் லென்ஸின் குறையாக எண்ணித் ‘திருத்தி’விடும்; ஆகையால் வெயில் தகட்டின் மேல் நேராகப் படாதபடி யாரையாவது குடை பிடிக்கச் சொல்லுங்கள். கேப்சர் ஒன் மென்பொருளில் இந்தப் படத்தைத் தேர்ந்து எல்.சி.சி. (லென்ஸ் சாயல் திருத்தம்) உருவாக்கி, அதை மூலப் படத்துக்குப் பொருத்தினால், ஓரங்களின் நிறம், ஓரங்களில் குறையும் வெளிச்சம், சென்சாரில் ஒட்டிய தூசி ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். லைட்ரூம் கிளாசிக்கில் இதே வேலையை ஃப்ளாட் ஃபீல்ட் கரெக்‌ஷன் செய்கிறது. எல்.சி.சி.யைப் பொருத்திய பிறகே கிரே கார்டுக்குப் போக வேண்டும். முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு எல்.சி.சி. என்று செய்தால் இரண்டாவது முறையும் ஒயிட் பேலன்ஸ் பார்க்க வேண்டி வரும்.

இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எடுத்துக் கணினியில் ஒட்டுபவர்கள் ஒவ்வொரு ஷிஃப்ட் நிலைக்கும் தனித்தனியாகத் தகட்டுப் படம் எடுக்க வேண்டும். இதில் சோம்பல் பட்டால், ஒட்டிய இடத்தில் தூணின் ஒரு பாதி இளஞ்சிவப்பும் மறுபாதி பச்சையுமாக நிற்கும்.

உங்களைப் பொறுத்தவரை படம் எடுத்து முடிந்துவிட்டது. ஆனாலும் வழி அடைபடவில்லை. அதே பேக்கும் அதே லென்ஸும் மறுபடி ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால், மகாலுக்குப் போகாமல் உங்கள் வீட்டு மாடியிலேயே, அதே 10 மி.மீ. ஷிஃப்ட், அதே அப்பர்ச்சர், அதே ஃபோகஸ் தூரம் ஆகியவற்றில் தகட்டுப் படம் எடுத்துப் பழைய படத்துக்குப் பொருத்தலாம். தூசி நீக்கம் மட்டும் பொருந்தாது, அதை அணைத்துவிடுங்கள். அந்தக் கருவி கிடைக்காவிட்டால், இரு ஓரங்களிலும் கிரேடியன்ட் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியில் மட்டும், படிப்படியாகக் குறையும்படி திருத்தம் செய்யும் தேர்வு) இட்டு எதிர்நிறம் ஏற்றுவது ஒன்றே வழி. லென்ஸ் சாயல் நேர்கோட்டில் குறைவதில்லை, வளைந்து வளைந்து போகும் என்பதால் அது ஒப்பேற்றும் வேலையாகவே முடியும். கண்காட்சிக்குப் பெரிய அளவில் அச்சிடும் படத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த முறை வாடகைக்கு எடுக்கும்போது ஐ.க்யூ.4 150 கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதன் சென்சாரில் ஒளியுணரும் பகுதி, கம்பி இணைப்புகளுக்குப் பின்னால் புதைந்திராமல், முன்பக்கம் வந்துவிட்டதால் இந்தச் சாயல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதிலும் தகட்டைப் பையில் வைத்திருப்பது நல்லது.

கேள்வி: விளக்குத்தூண் பகுதியில் உள்ள ஜவுளிக்கடைக்குச் சுங்குடிச் சேலைகளை ஃபுஜிஃபிலிம் ஜி.எஃப்.எக்ஸ். கேமராவில் படமெடுத்துத் தருகிறேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் எடுக்கிறேன். சேலையில் உள்ள வெள்ளைப் புள்ளியை, மென்பொருளில் நிறம் எடுக்கும் கருவியான ஐ-டிராப்பரால் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுக்கிறேன். புள்ளி வெள்ளையாகிவிடுகிறது, ஆனால் அரக்கு நிறம் செங்கல் நிறமாக மாறிவிடுகிறது. கடைக்காரர் படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்.
— வாசகர், தெற்குவாசல்

பதில்: நீங்கள் நம்பிய வெள்ளைதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. சுங்குடியில் புள்ளி என்பது, துணியைச் சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கும்போது சாயம் ஏறாமல் தப்பிய அடித்துணியின் வெள்ளை. அந்த அடித்துணி வெளுக்கப்படும்போது பெரும்பாலும் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி, நீல ஒளியாக வெளியே விடும். ஃப்ளாஷ் குழாய்க்கு முன் புற ஊதாவைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் இந்த விளைவு மேலும் தூக்கலாகத் தெரியும். ஆகவே படத்தில் அந்தப் புள்ளி மெய்யாகவே நீலம் கலந்த வெள்ளை. அதைத் தொட்டு ‘இதுதான் நடுநிலை’ என்று நீங்கள் சொன்னதும், மென்பொருள் அந்த நீலத்தைப் போக்குவதற்காகச் சேலை முழுவதிலும் மஞ்சளை ஏற்றிவிடுகிறது. அரக்கு செங்கல் நிறமாவது அதனால்தான்.

சந்தேகம் இருந்தால், கடையின் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்ப்பதற்கு வைத்திருக்கும் புற ஊதா விளக்கை வாங்கி, கொஞ்சம் இருட்டான இடத்தில் சேலையின் மேல் பிடித்துப் பாருங்கள். வெண்மையூட்டி இருந்தால் புள்ளிகள் மட்டும் நீலமாகப் பளீரென்று ஒளிரும்; சாயம் ஏறிய பகுதி இருண்டு கிடக்கும். அப்படி ஒளிரும் எந்தத் துணியையும் ஒயிட் பேலன்ஸுக்குப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண ஏ4 தாளும் அதே விளக்கின் கீழ் ஒளிர்வதைக் காண்பீர்கள். ‘வெள்ளைத் தாளைப் பிடித்து ஒயிட் பேலன்ஸ் எடுத்தேன்’ என்று எழுதிய மூன்று நான்கு வாசகர்களுக்கும் இதுவே பதில்.

சேலையின் மேல், சேலைக்கு விழும் அதே வெளிச்சம் விழும்படி, நிற நடுநிலைக்கென்றே தயாரிக்கப்பட்ட கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு அதை அகற்றிவிட்டு எடுங்கள். ஃப்ளாஷுக்கு முன் புற ஊதா வடிகட்டி ஒன்றை இட்டால் புள்ளியின் நீலமும் அடங்கும். கடையின் மேற்கூரையில் எரியும் எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிடச் சொல்லுங்கள். அணைக்க முடியாதென்றால், ஃப்ளாஷ் இல்லாமல் அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் கறுப்பாக வந்தால் கூரை விளக்கு கலக்கவில்லை என்று பொருள்.

மாதந்தோறும் நூற்றுக்கணக்கில் சேலை எடுப்பவருக்குக் கிரே கார்டு மட்டும் போதாது. கிரே கார்டு நடுநிலையைச் சொல்லும். சிவப்பு எவ்வளவு சிவப்பு என்பதைச் சொல்லாது. 1976-இல் வெளிவந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டையை உங்கள் ஃப்ளாஷின் கீழ் ஒருமுறை எடுத்து, அதிலிருந்து அந்த வெளிச்சத்துக்கான கேமரா புரொஃபைல் (நிறத் திருத்தக் கோப்பு) உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டையிலும் வெள்ளைக் கட்டத்தைத் தொடாமல், அதற்கு அடுத்த வெளிர்சாம்பல் கட்டத்தைத் தொடுவது பாதுகாப்பானது. வெள்ளையில் ஏதாவது ஒரு சேனல் (சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் ஒன்று) உச்சத்தை முட்டியிருந்தால் கணக்குத் தவறிவிடும்.

ராணி நிறச் சேலைகளைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்த நிறத்தின் ஒரு பகுதி, இணையத்தில் வழங்கும் நிற வரம்பான எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்குள் அடங்குவதில்லை. இணையத்துக்காக எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக்காக மாற்றும்போது மடிப்புகளின் நுணுக்கம் அழிந்து, சேலை ஒரே தகடாகத் தெரியும். அதைச் சாயல் என்று எண்ணி நிறத்தை நகர்த்தாதீர்கள். ராணி நிறத்தின் செறிவை மட்டும் தனியாகத் தேர்ந்து சற்றுக் குறைத்தால் மடிப்புகள் திரும்பி வரும். கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்துக் கல்யாணங்களைப் படமெடுக்கிறேன். வாசலில் சிவப்பும் மஞ்சளுமான சாமியானா போட்டுவிடுகிறார்கள். பகலில் அதன் அடியில் நிற்பவர்கள் எல்லோரும் செக்கச்செவேல் என்று வருகிறார்கள். முகத்தைச் சரிசெய்தால் பந்தலுக்கு வெளியே தெரியும் தெரு நீலமாகிவிடுகிறது. மீடியம் ஃபார்மட்டில் 14 பிட், 16 பிட் என்கிறார்களே, அதில் எல்லாவற்றையும் மீட்டுவிட முடியாதா?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: 14 பிட் கோப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் 16,384 படிகளும், 16 பிட் கோப்பில் 65,536 படிகளும் உண்டு, 8 பிட் ஜேபெக்கில் 256 தான். இவ்வளவு படிகள் இருப்பதால் நிறத்தை எவ்வளவு இழுத்தாலும் திட்டுத்திட்டாக உடையாது என்பது உண்மை. ஆனால் சிவப்புத் துணியைக் கடந்து வந்த ஒளியில் நீலமும் பச்சையும் வரவே இல்லையென்றால், எத்தனை பிட் இருந்தாலும் பதிவாக எதுவும் இல்லை. நீங்கள் நீலத்தைக் கூட்டக் கூட்ட, கூடுவது அந்தச் சேனலில் உள்ள இரைச்சல்தான். முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுவே.

தெரு நீலமாவது தனிப் பிரச்சினை. ஒரே படத்தில் இரண்டு வெளிச்சம் இருக்கிறது. ஒரே ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் பொருந்தாது. முகங்களுக்கு ஒரு மாஸ்க், பந்தலுக்கு வெளியே ஒரு மாஸ்க் என்று பிரித்துத்தான் திருத்த முடியும். இதைவிட, சம்பவ இடத்திலேயே ஃப்ளாஷால் சாமியானா வெளிச்சத்தை வென்றுவிடுவது மேல். அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்; வேகம் கூடினால் சாமியானா வெளிச்சம் குறையும், ஃப்ளாஷ் வெளிச்சம் குறையாது. ஜி.எஃப்.எக்ஸ். கேமராக்களில் சாதாரண ஃப்ளாஷ் ஒத்திசைவு (ஃப்ளாஷ் படம் முழுவதும் பதியும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 நொடியோடு நின்றுவிடுகிறது. ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/2000 நொடியில்கூட ஃப்ளாஷ் ஒத்திசையும். பகல் பந்தலுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. அது கையில் இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்தைத் தவிர மற்ற குழுப் படங்களையெல்லாம் சாமியானாவை விட்டு வெளியே, திண்ணை நிழலுக்கு அழைத்து வந்து எடுத்துவிடுங்கள். பெண் வீட்டார் முணுமுணுப்பார்கள். ஆல்பம் வந்ததும் அடங்கிவிடுவார்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் வயல்வெளியில் மணமக்களை வைத்து எடுக்கும் படங்களில், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியிலும் இருவர் தாடையிலும் பச்சை படிகிறது. பச்சை–மெஜந்தா சமனை மாற்றும் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் தள்ளினால் வானம் கெட்டுப்போகிறது.
— வாசகர், மேலூர்

பதில்: நாற்றின் மேல் விழுந்த வெயில் பச்சையாகத் திரும்பி, கீழிருந்து அவர்கள் மேல் அடிக்கிறது. தாடைக்குக் கீழும் மூக்கின் அடியிலும் பச்சை கூடுதலாகவும் நெற்றியில் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டின்ட் ஸ்லைடரைத் தொடாதீர்கள். முகத்துக்கும் வேட்டிக்கும் தனி மாஸ்க் இட்டு, அங்கே மட்டும் மெஜந்தாவைச் சிறிதளவு ஏற்றுங்கள். கேப்சர் ஒன்னில் உள்ள ஸ்கின் டோன் கருவி, நெற்றியின் நிறத்தை மாதிரியாகக் காட்டினால், தாடையை அதற்கு நெருக்கமாகக் கொண்டுவந்துவிடும். அதன் சீராக்கும் அளவை முழுவதுமாகக் கூட்டிவிட்டால் முகம் பொம்மை முகமாகிவிடும். எடுக்கும்போதே இடுப்புக்குக் கீழே, படத்தில் விழாதபடி, வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடித்தால் பாதி வேலை மிச்சம்.

வேட்டி எவ்வளவு வெள்ளையாக வர வேண்டும் என்பதில் ஒரு கவனம் தேவை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி இயல்பாகவே நீலம் தோய்ந்தது. சுங்குடிப் புள்ளிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். அதைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் மணமக்கள் இருவருக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போல ஆகிவிடும்.

கேள்வி: மண்டபத்து மேடையில் எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்களில் குறுக்கே மஞ்சளும் நீலமுமாகப் பட்டை பட்டையாக வருகிறது. எப்படி நீக்குவது?
— வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: எடுத்த பிறகு நீக்குவது ஏறக்குறைய இயலாத காரியம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கூடும்போது ஒரு நிறமும் குறையும்போது இன்னொரு நிறமும் தருகின்றன. எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய சென்சாரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படித்து முடிப்பதற்குள் விளக்கு பலமுறை மாறிவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 நொடியில் எடுங்கள். ஒளியளவு குறைக்கப்பட்ட அலங்கார எல்.இ.டி.க்கள் வேறு வேகத்தில் துடிக்கும் என்பதால், முகூர்த்தத்துக்கு முன்பே மேடை விளக்குகளைப் போடச் சொல்லிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சி.சி.டி. என்னும் பழைய வகைச் சென்சார் கொண்ட பேக்கில், ஹாலஜன் விளக்கில் எடுக்கும்போது மாப்பிள்ளையின் கறுப்பு கோட் மட்டும் கத்திரிப்பூ நிறமாக வருகிறது. தலைமுடி கறுப்பாகவே இருக்கிறது.
— வாசகர், அனுப்பானடி

பதில்: அகச்சிவப்புக் கதிரின் வேலை. செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் பல, நம் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஹாலஜனில் அகச்சிவப்பு ஏராளம். சென்சாருக்கு முன்னுள்ள தடுப்பு வலுவில்லாவிட்டால் அது சிவப்பாகவும் நீலமாகவும் பதிவாகிவிடும். 2006-இல் வந்த லைகா எம்8 கேமராவில் இதே குறை தெரிந்தபோது, அந்த நிறுவனமே லென்ஸின் முன் இடும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரை வாங்கியவர்களுக்குக் கொடுத்தது. நீங்களும் அத்தகைய ஃபில்டரை வாங்கி இடுங்கள். அகலக்கோண லென்ஸில் இட்டால் ஓரங்களில் நீலப்பச்சை படியும். அதற்கு முதல் பதிலில் சொன்ன அக்ரிலிக் தகடு உதவும். ஏற்கெனவே எடுத்த படங்களில் கோட்டைத் தனியாக மாஸ்க் செய்து நிறச் செறிவைக் குறைத்தால் போதும்.

கேள்வி: செகண்ட் ஹாண்டில் வாங்கிய சி.சி.டி. பேக்கில் படத்தின் சரிபாதியில் நேர்கோடாக நிறம் மாறுகிறது. இடப்பாதி சற்றுப் பச்சை. சித்திரை வெயிலில் வெளியே எடுக்கும்போது மிக அதிகமாகத் தெரிகிறது.
— வாசகர், திருமங்கலம்

பதில்: பெரிய சி.சி.டி. சென்சார்களை விரைவாகப் படிப்பதற்காக இரு பாதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருக்கிச் சுற்று கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளும்படி தொழிற்சாலையில் சரிபார்த்த கணக்கு, வயதாலும் வெப்பத்தாலும் பிசகிவிடுகிறது. சி.சி.டி.யில் வெப்பத்தால் ஊறும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரிக்கு ஒருமுறை இருமடங்காகும் என்பதால் சித்திரையில் மிகுதியாகத் தெரிவதில் வியப்பில்லை. மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுங்கள்; படங்களுக்கு இடையே பேக்கை அணைத்து நிழலில் வையுங்கள். எல்.சி.சி. தகட்டுப் படம் ஓரளவு சமன் செய்யும். நிரந்தரத் தீர்வு, தயாரிப்பாளரின் சர்வீஸில் மறு அளவீடு செய்வதே. இனிமேல் வாங்கப்போகிறவர்கள், வெறும் சாம்பல் நிறச் சுவரை எடுத்து, கான்ட்ராஸ்ட்டை மிகுதியாக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: குத்துவிளக்கு ஏற்றும் படத்தில் எல்லாமே மஞ்சளாக இருக்கிறது. லைட்ரூமில் வெப்பநிலையைக் கடைசி வரை இழுத்தும் முகம் வெள்ளையாகவில்லை.
— வாசகர், அலங்காநல்லூர்

பதில்: ஆக வேண்டியதில்லை. எண்ணெய்த் திரியின் சுடர் 1,900 கெல்வினை ஒட்டியது. லைட்ரூமின் ஸ்லைடர் 2,000 கெல்வினில் நின்றுவிடும். கடைசி வரை இழுத்த பிறகும் மஞ்சள் மிஞ்சுவது அதனால்தான். ஆனால் விளக்கொளியில் நிற்கும் பெண்ணின் முகம் பகல் வெளிச்சத்தில் நிற்பது போலத் தெரிந்தால், கையில் இருக்கும் விளக்கு எதற்கு? எங்கள் கருத்தில், 2,800 முதல் 3,200 கெல்வின் வரை வைத்து, சுடருக்கு எதிர்ப்பக்கக் கன்னம் மட்டும் மங்கிய சிவப்பாகத் தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிவப்புச் சேனல் உச்சத்தை முட்டியிருக்கிறதா என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். பொதுவான ஹிஸ்டோகிராம் நடுவில் நின்றாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதியிருக்கலாம். அப்படி மோதிய இடத்தில் நெற்றிக் குங்குமமும் தோலும் ஒன்றாகக் கலந்துவிடும். எடுக்கும்போது ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து எடுப்பதே இதற்குக் காவல். மேடையில் வெள்ளை எல்.இ.டி.யும் சேர்ந்து எரிந்தால், சுடர் ஏற்றும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அதை அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: திரையில் சரியாக இருக்கும் படங்கள் லேபிலிருந்து ஆல்பமாக வரும்போது சிவந்து வருகின்றன. குறை என்னுடையதா, லேபினுடையதா?
— வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் தெரியும். முதலில் உங்கள் திரை. அளவிடும் கருவியால் அதை 6,500 கெல்வின் வெண்மைக்கும், 2.2 காமாவுக்கும், சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரையான பிரகாசத்துக்கும் கொண்டுவாருங்கள். திரைக்குப் பின்னுள்ள சுவர் பச்சையா, அறைக்குள் செட்டிநாட்டு வண்ணக் கண்ணாடி வழியே வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். பச்சைச் சுவரைப் பார்த்துப் பழகிய கண், நடுநிலையான படத்தைச் சிவப்பாகவே உணரும். பகல் முழுவதும் அப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்து திருத்துபவருக்கு எந்த மென்பொருளும் உதவாது. அச்சான பக்கத்தைக் கடைத்தெருவின் எல்.இ.டி. வெளிச்சத்தில் பார்க்காமல், வெயில் நேரே படாத ஜன்னலோரத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து லேப். கலர்செக்கர் அட்டையின் படத்தைத் திருத்தம் முடித்து, எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக்காக்கி, புரொஃபைலை உள்ளே பதித்து, இரண்டு பிரதிகளாகக் கொடுங்கள். ஒன்றை வழக்கம்போலவும், மற்றொன்றைத் தானியங்கித் திருத்தம், ஆபரேட்டர் கரெக்‌ஷன் இரண்டும் போடாமலும் அச்சிடச் சொல்லுங்கள். கரெக்‌ஷன் போட்டது மட்டும் சிவந்து வந்தால், இனிமேல் உங்கள் ஆர்டர் உறையின் மேல் ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டும் சிவந்து வந்தால், அந்த லேபின் புரொஃபைலைக் கேட்டு வாங்கிச் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டுவது) பார்த்த பிறகு ஆல்பத்தை அனுப்புங்கள். புரொஃபைல் தர மறுக்கும் லேபுக்கு, பெரிய ஆல்பம் எதையும் கொடுக்க வேண்டாம்.